ஜோடி சேர்ந்தது, பொருள் சேரவில்லை: அறிவியல் சொல் விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் ஜோடி அட்டை ஆட்டத்தில் படிவம் 3 மாணவி ஒருத்தி ஒரு பிழைகூட இல்லாமல் முடித்துவிட்டாள். ‘கெர்ஜா’ (‘வேலை’ என்பதற்கான மலாய்ச் சொல்) அட்டைக்குப் பக்கத்தில் ‘விசை × இடப்பெயர்ச்சி’ சரியாக உட்கார்ந்திருந்தது. அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்: “தாத்தா காண்டாக் கம்பில் இரண்டு ரப்பர் பால் வாளிகளைத் தோளில் தாங்கிக்கொண்டு ஸ்டோர் வாசலில் அசையாமல் நிற்கிறார். வாளிகள்மீது கெர்ஜா நடக்கிறதா?”

“நடக்கிறது டீச்சர். தோள் வலிக்குமே!”

அவள்மீது தவறில்லை. நான் செய்துவைத்த ஆட்டம், அட்டையின் முகத்தை மனப்பாடம் செய்தாலே வென்றுவிடக்கூடியது. சொல் தேடல் கட்டங்கள் இதைவிட மோசம். ‘ஃபோத்தோசிந்தெசிஸ்’ (ஒளிச்சேர்க்கை) என்ற சொல்லைக் குறுக்கிலும் நெடுக்கிலும் தேடி வட்டமிடும் பிள்ளைக்கு இலையும் வெயிலும் ஒரு கணமாவது நினைவுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. பொருள் தெரியாமலே வெல்ல முடிகிற ஆட்டத்தைச் சொல் கற்பிக்கும் ஆட்டம் என்று நம்புவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

இப்போது அதே சொற்களுக்குத் தடைச்சொல் ஆட்டம் ஆடுகிறோம். ‘கெர்ஜா’வை விளக்க வேண்டும், ஆனால் உழைப்பு, சம்பளம், களைப்பு ஆகியவற்றை வாயில் எடுக்கக் கூடாது. அன்றாடப் பொருள் அடைபட்டதும் பிள்ளைகள் வேறு வழியின்றி அறிவியல் பொருளுக்குள் நுழைகிறார்கள். வாளிகள் இரண்டுக்கும் சேர்த்து 200 நியூட்டன் எடை, அவற்றை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் 200 ஜூல். தூக்கிய பிறகு அசையாமல் நின்றால் வாளிகள்மீது நடக்கும் வேலை சுழியம். தசைகள் தொடர்ந்து இறுகி ஆற்றலைச் செலவழிப்பதால்தான் தோள் வலிக்கிறது. இந்த இடத்துக்கு வர அந்த மாணவிக்கு இரண்டு சுற்று ஆனது. வந்தவுடன் அவளே வெற்று அட்டை ஒன்றை எடுத்து ‘தாத்தா நிற்கிறார்: கெர்ஜா இல்லை’ என்று எழுதினாள். எடுத்துக்காட்டு அட்டைகளோடு இப்படி ‘இது இல்லை’ அட்டைகளும் கலந்தால்தான் சொல்லின் எல்லை புரியும்.

இரண்டாவது தவறு, தமிழை ஆட்டத்திலிருந்து விரட்டுவது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளைக்குப் படிவம் 1-இல் அறிவியல் மலாயில் தொடங்குகிறது. சில பள்ளிகளில் ஆங்கிலத்தில். தேர்வு மலாயில்தானே என்று ஆட்டத்தையும் முழுக்க மலாயில் நடத்தினால், விடை தெரிந்த பிள்ளையும் மொழிக்குப் பயந்து வாய்மூடிவிடுகிறது. தமிழில் விளக்கட்டும், சொல்லை மலாயில் சொல்லட்டும். இரண்டுக்கும் புள்ளி உண்டு. அதேவேளை, தமிழ்ச் சொல் இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. வீட்டில் நாம் எல்லாவற்றையும் ‘சக்தி’ என்கிறோம். பாடநூலில் டாயா என்பது விசை, தெனாகா ஆற்றல், குவாசா திறன். மூன்றையும் ‘சக்தி’ என்றே மனத்தில் போட்டுவைத்திருக்கும் பிள்ளை மூன்றிலும் தடுமாறும். ஆகவே இவற்றைத் தனித்தனி நாள்களில் நடத்தாமல் ஒரே ஆட்டத்தில் எதிரெதிரே நிறுத்துங்கள். ஜிசிமும் (நிறை) பெராட்டும் (எடை), ஹாபாவும் (வெப்பம்) சூஹுவும் (வெப்பநிலை) அப்படியே. (கெர்ஜா நம் ‘காரிய’த்துக்குச் சொந்தம், இரண்டும் சமஸ்கிருத வழி வந்தவை. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்மீது ஓர் உரிமை வந்துவிடுகிறது.)

வேகத்துக்குப் பரிசு கொடுப்பது அடுத்த தவறு. கைப்பேசியில் ஆடும் கஹூட் போன்ற வினாடி வினாக்களில் சீக்கிரம் அழுத்தியவருக்குக் கூடுதல் புள்ளி. யோசிக்கிற பிள்ளை பின்தங்கி, மூன்றாம் கேள்வியிலேயே மனம் விட்டுவிடும். வீட்டில் ஒரே கைப்பேசியை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அது இரட்டைத் தண்டனை. நான் இருவரை ஓர் அணியாக்கி, முதல் முப்பது வினாடி பேச மட்டும் விடுகிறேன்; பிறகுதான் விடை.

ஒரே மாலையில் இருபது சொற்களைத் திணிப்பதும் வேண்டாம். எட்டுக்கு மேல் போனால் என் பிள்ளைகளுக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

கடைசியாக ஒன்று. ஆட்டம் நன்றாக நடந்தது என்ற மகிழ்ச்சியில் அட்டைகளை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தம்மீதே சோதித்து எழுதிவைத்தார். எங்கள் அறையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. போன வாரச் சொற்களில் மூன்று, போன மாதத்தவற்றில் இரண்டு என்று அதிலிருந்து எடுத்துத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தொடங்குகிறோம். பென்சிலால் எழுதிய அந்தத் தாத்தா அட்டையும் அதற்குள்தான் இருக்கிறது. புதிதாக வரும் படிவம் 3 பிள்ளைகளிடம் அதைக் காட்டி விளக்குவது இப்போது அதை எழுதிய மாணவியின் பொறுப்பு.