ஆக்சிஜன் கருவி அனுப்புகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் டெல்டா அலை இந்தியாவை உலுக்கியபோது, வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் பலர் நிதி திரட்டி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவிகளான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்களை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். அந்த மனசைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவசரத்தில் விசாரிக்காமல் வாங்கினால், கருவி வந்து சேர்ந்த பிறகும் நோயாளிக்கு உதவாமல் போகலாம்.

அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் கருவியின் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ‘115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அது இந்தியாவுக்கு ஆகாது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். அது வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. உள்ளே காற்றை அழுத்தும் கம்ப்ரெஸர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடேறும், ஆக்சிஜனின் அளவும் தூய்மையும் குறையலாம். விளக்கு எரிகிறது, சத்தம் கேட்கிறது, அதனால் சரியாகத்தான் ஓடுகிறது என்று வார்டில் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

தோளில் மாட்டிக்கொள்ளும் சிறிய கருவிகளிலும் கவனம் தேவை. அவற்றில் பெரும்பாலானவை மூச்சை உள்ளே இழுக்கும் நொடியில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் தள்ளும். பட்டனில் உள்ள ‘5’ என்ற எண்ணுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று பொருள் இல்லை. கொரோனா நிமோனியாவில் திணறுகிறவருக்கு இடைவிடாமல் ஆக்சிஜன் வர வேண்டும். 5 அல்லது 10 லிட்டர் தரும் பெரிய கான்சன்ட்ரேட்டர்கூட மிதமான பாதிப்பு உள்ளவருக்குத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கு வழியே அதிக வேகத்தில் ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். யாருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று டாக்டரிடம் கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சிலிண்டர் என்றால் சிக்கல் வேறு. நிரப்பிய சிலிண்டர் விமானத்தில் அபாயகரமான சரக்கு. இறக்குமதிக்கு, வாயு சிலிண்டர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் விதிகள் உண்டு. அமெரிக்கப் பெரிய சிலிண்டரின் வால்வில் இந்திய ரெகுலேட்டர் பொருந்தாது. லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து மாட்டுவதோ, இறுக்கம் போக எண்ணெய் தடவுவதோ கூடவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

2021 ஏப்ரல் 24 அன்று ஆக்சிஜன் கருவிகளுக்குத் தற்காலிகமாகச் சுங்க வரி விலக்கு வந்தது. மே 3 அன்று இலவச விநியோகத்துக்கான நன்கொடைகளுக்கு, இறக்குமதியின் மீதான ஜிஎஸ்டி வரியான ஐஜிஎஸ்டியும் தற்காலிகமாக விலக்கப்பட்டது. ஆனால் அதற்கு மாநிலம் நியமித்த அதிகாரியின் சான்று வேண்டியிருந்தது. பெறுபவர் பெயரும் தேவையான சான்றும் தயாராகும் முன் சரக்கை ஏற்றினால் அது குடோனில் கிடக்கும்.

பெரிய இயந்திரங்களுக்கு இடமும் ஆளும் வேண்டும். வடக்கு அயர்லாந்திலிருந்து மே 2021இல் அன்டோனோவ் சரக்கு விமானத்தில் வந்த மூன்று ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் தலா 18 டன் எடை, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 500 லிட்டர் ஆக்சிஜன் தருபவை. கிரேன், உறுதியான தளம், குழாய் இணைப்பு, மின்சாரம் இல்லாத மருத்துவமனை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? சில இடங்களில் பழைய குழாய்க் கசிவை அடைக்கப் பணம் கொடுப்பதே மேல்.

கான்சன்ட்ரேட்டரோடு கேனுலா (மூக்கில் மாட்டும் குழாய்), ஆக்சிஜனுக்கு ஈரப்பதம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் பாட்டில், மாற்று ஃபில்டர் அனுப்புங்கள். ஆக்சிஜனின் தூய்மையை அளக்கும் அனலைசர் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். கான்சன்ட்ரேட்டரிலிருந்து வரும் ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். குறைந்தால் கருவியை மாற்றி சர்வீஸுக்கு விட வேண்டும். அந்த ஊரில் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.