காரின் பின்கதவுக் கண்ணாடியைக் கழற்றி கூலிங் ஃபிலிம் ஒட்டுவது எப்படி?

ஸ்டிக்கர் கடைகளில் பெரும்பாலும் கண்ணாடியைக் கழற்ற மாட்டார்கள். கொஞ்சம் இறக்கி மேல் விளிம்பைப் பார்த்து ஒட்டுவார்கள், பிறகு ஏற்றிவிட்டு, ஃபிலிமின் அடிப்பகுதியை பீடிங்குக்குள், அதாவது கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் உள்ள ரப்பர் பட்டைக்குள், செருகிவிடுவார்கள். முன்கதவுக்கு அது போதும். பின்கதவில்தான் சிக்கல். ஹோண்டா சிட்டி, டொயோட்டா கொரோலா மாதிரியான செடான்களில் பின்கதவில் இரண்டு கண்ணாடி இருக்கும்: ஏறி இறங்கும் பெரிய கண்ணாடி ஒன்று, அதன் பின்னால் அசையாத முக்கோணக் கண்ணாடி ஒன்று. நடுவில் ஒரு செங்குத்துக் கம்பி. இதை டிவைடர் என்று சொல்வோம்.

கண்ணாடி நேராக ஏறி இறங்க இரண்டு பக்கமும் இணையான தடம் வேண்டும். பின்சக்கரத்தின் வளைவுக்காகக் கதவு சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், முழுக் கண்ணாடியும் ஒரே துண்டாக இறங்க இடமில்லை. அதனால்தான் இந்தப் பிரிப்பு. டிவைடரின் ரப்பரில் பல வருடத் தூசி அடைந்திருக்கும். ஈர ஃபிலிமை அதன் ஓரத்தில் அழுத்தினால் அந்தத் தூசி பசையில் ஏறி, காய்ந்ததும் ஓரம் முழுக்கப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். முக்கோணக் கண்ணாடியின் மூலைகளில் ஃபிலிம் தூக்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் கழற்றுகிறோம். டிவைடர் இல்லாத, ஒரே கண்ணாடி உள்ள கதவு என்றால் என் யோசனை: கழற்றாதீர்கள், கிடைக்கும் பலனுக்கு வேலை அதிகம்.

ஃபிலிம் வாங்கும் முன் ஒரு பெருக்கல் கணக்கு

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவீத ஒளியும், பக்கக் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 50 சதவீத ஒளியும் உள்ளே வர வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் தரச்சான்றுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கும் விதியில் இடம் வந்தது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றமும் இந்த அளவுகளுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று சொன்னது. ஆனாலும் சாலையில் நிறுத்தி விசாரிக்கும் காவலரிடம் தீர்ப்பை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் ஊரில் நடைமுறை எப்படி என்று விசாரித்துவிட்டு, ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) எண் உள்ள ஃபிலிமை பில்லோடு வாங்குங்கள்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: ஃபிலிமின் சதவீதம் மட்டும் கணக்கு அல்ல. கம்பெனியிலிருந்து வரும் லேசான பச்சைக் கண்ணாடியே ஓரளவு ஒளியைத் தடுத்துவிடும். கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 சதவீத ஒளியை விடும் ஃபிலிம் ஒட்டினால் மொத்தம் 37.5 சதவீதம்தான், விதிக்கு வெளியே போய்விட்டீர்கள். 70 சதவீத ஃபிலிம் என்றால் 52.5, தப்பித்தீர்கள். வெயில்தான் பிரச்சினை என்றால் இருட்டு ஃபிலிம் தேவையில்லை. பார்வைக்குத் தெளிவாக இருந்தபடி அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் செராமிக் ஃபிலிம்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்.

என்னென்ன வேண்டும்

10 மி.மீ. சாக்கெட், எக்ஸ்டென்ஷனோடு. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று. பிளாஸ்டிக் நெம்புகோல் செட். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், டோர் பேடும் (கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகை) கிழியும். அகலமான மாஸ்கிங் டேப், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கெட்டியான போர்வை. டோர் பேட் கிளிப்கள் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். பழைய கிளிப் சில உடையும், அது சகஜம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட ஒரு ஆள்.

படி 1: டோர் பேடைக் கழற்றுவது

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, இக்னிஷனை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். உள் கைப்பிடியின் குழிக்குள் சின்ன மூடி இருக்கும், அதற்குப் பின்னால் ஒன்று. கதவை இழுத்துச் சாத்தும் பிடிக்குள், ரப்பர் பாய்க்கோ மூடிக்கோ அடியில் இன்னொன்று. சில கார்களில் பேடின் ஓரத்திலும் இருக்கும். பேட் வர மறுத்தால் ஒரு ஸ்க்ரூ பாக்கி என்று அர்த்தம். பலத்தைக் காட்டாமல் தேடுங்கள்.

பவர் விண்டோ சுவிட்ச் உள்ள தட்டை நெம்பி எடுத்து, அடியில் உள்ள கனெக்டரின் லாக்கை அழுத்திப் பிரியுங்கள். கையால் சுற்றும் பழைய வகை என்றால், கைப்பிடிக்குப் பின்னால் குதிரைலாட வடிவத்தில் ஒரு கம்பி லாக் இருக்கும். துணி நாடா ஒன்றைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து இரண்டு பக்கமும் மாறிமாறி இழுத்தால் லாக் வெளியே தெறிக்கும். எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள், அது கார் சீட்டுக்கு அடியில் போனால் அரை மணி நேரம் வீண்.

இப்போது பேடின் கீழ் மூலையில் நெம்புகோலை விட்டு, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். ஒவ்வொரு கிளிப்பாகச் சத்தத்தோடு விடும். சுற்றி எல்லாம் விட்டதும் பேடை மேல்நோக்கித் தூக்குங்கள், ஏனென்றால் மேல் ஓரம் கதவின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. சட்டென்று இழுத்துவிடாதீர்கள், உள் கைப்பிடியின் கேபிள் பின்னால் தொங்கும்.

படி 2: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்

முதல்முறை செய்பவர்கள் அலட்சியமாகக் கிழித்துப்போடுவது இதைத்தான். வெளிப் பீடிங் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. மழையில் கண்ணாடியோடு வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவைச் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட் மட்டுமே. கிழிந்தாலோ சரியாக ஒட்டாவிட்டாலோ அடுத்த மழையில் கார்பெட் நனையும், பிறகு வாடை வரும். எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்கே திணறுவார்.

ஷீட்டைப் பிடித்திருக்கும் கறுப்புப் பசை இழுவையாக இருக்கும். மூலையிலிருந்து மெதுவாகத் தூக்கி, பசை நூலாக இழுபடும் இடத்தில் பிளேடால் அறுத்துக்கொண்டே போங்கள். பசை விறைத்திருந்தால் ஹேர் டிரையர் சூடு கொஞ்சம் காட்டலாம். முழுக்க எடுக்க வேண்டாம், வேலைக்குத் தேவையான அளவு பிரித்து ஓரமாக மடித்து டேப் போட்டு நிறுத்துங்கள். பசையில் மண் ஒட்டவிடாதீர்கள், திரும்ப ஒட்டுவதும் அதே பசைதான். இதோடு கதவின் அடித் துளைகள் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: பீடிங்குகள்

வெளிப் பீடிங்குக்குக் கீழே பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கதவின் பக்கவாட்டு விளிம்பில் பீடிங்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு முனையிலிருந்து மேல்நோக்கி நெம்புங்கள். நடுவில் பிடித்துத் தூக்கினால் உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும், பிறகு அது நேராகாது. உள் பீடிங் சில கார்களில் பேடோடு வந்துவிடும், சிலவற்றில் தனியாக உருவ வேண்டும்.

படி 4: டிவைடரும் முக்கோணக் கண்ணாடியும்

சுவிட்சைத் தற்காலிகமாக மாட்டி, கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். சட்டத்தைச் சுற்றிக் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலை மேல் மூலையிலிருந்து உருவத் தொடங்குங்கள். டிவைடரின் மேல் முனையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இந்த ரப்பருக்கு அடியில்தான் இருக்கும். கீழ் முனையைப் பிடிக்கும் போல்ட் கதவின் உள் தகட்டில், பேட் மறைத்திருந்த இடத்தில் இருக்கும். இரண்டையும் எடுத்தபின் டிவைடரை முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து, திருப்பி, மேலே இழுத்தால் வந்துவிடும்.

அதன்பின் முக்கோணக் கண்ணாடியை அதன் ரப்பரோடு சேர்த்து முன்னோக்கி இழுங்கள். பல வருடம் ஒட்டிக்கிடந்த ரப்பர் சுலபத்தில் விடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, மேலும் கீழும் மாற்றிமாற்றி அசைத்து எடுங்கள். கண்ணாடியின் முனையில் ஸ்க்ரூடிரைவர் வைத்து மட்டும் நெம்பிவிடாதீர்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

படி 5: பெரிய கண்ணாடி

பக்கக் கண்ணாடிகள் டஃபண்ட் கண்ணாடி. சூடாக்கி சட்டென்று குளிரவைத்துச் செய்வதால், மேற்பரப்பு இறுகியும் உட்புறம் இழுவிசையிலும் இருக்கும். நடுவில் கையால் தட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஓரத்திலோ மூலையிலோ கூர்மையான அடி ஒன்று பட்டு அந்த இறுகிய தோல் உடைந்தால், முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். விரிசல் விட்டு நிற்பது எல்லாம் முன்பக்கக் கண்ணாடியில்தான். அதனால் இந்த வேலையில் ஓரம்தான் உயிர்நிலை. சிமென்ட் தரையில் ஓரத்தை ஊன்றி நிறுத்தவே கூடாது.

கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டே கதவின் உள் தகட்டில் உள்ள துளைகளைப் பாருங்கள். ஏதோ ஓர் உயரத்தில், பெரும்பாலும் பாதிக்குப் பக்கத்தில், கண்ணாடியை விண்டோ மெஷினோடு (கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி) இணைக்கும் இரண்டு போல்ட்டுகளும் துளைக்கு நேரே வரும். அங்கே நிறுத்துங்கள். சில கார்களில் போல்ட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பிடிப்பு இருக்கும், அதன் லாக்கை அழுத்தி விடுவிக்க வேண்டும்.

இப்போது சுவிட்சைக் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் எடுத்துவிடுங்கள். கை கதவுக்குள் இருக்கும்போது யாராவது டிரைவர் பக்கத்து சுவிட்சை அழுத்தினால் விரல் போய்விடும்.

கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து சட்டத்துக்கு மேலாக மறுபக்கம் வரை இரண்டு இடத்தில் மாஸ்கிங் டேப் போட்டு இறுக்குங்கள், போல்ட் விட்டதும் கண்ணாடி கதவுக்குள் விழாது. உதவியாளர் மேலே பிடித்துக்கொள்ள, நீங்கள் போல்ட்டுகளை எடுங்கள். டேப்பைப் பிரித்து, கண்ணாடியின் ஒரு முனையைத் தாழ்த்தி மறுமுனையை உயர்த்திச் சாய்த்து, சட்டத்துக்கு வெளிப்புறமாக மேலே எடுங்கள். எந்த முனையைத் தாழ்த்த வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். இடித்தால் நிறுத்தி, மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள்.

வெளியே வந்த உடனே வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டி "வெளி" என்று எழுதிவிடுங்கள். ஃபிலிம் ஒட்ட வேண்டியது உள்பக்கம், அதாவது குழிந்த பக்கம். வளைவு லேசானது என்பதால் போர்வையில் கிடத்தி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் குழப்பம் வரும்.

படி 6: சுத்தம், ஃபிலிம்

கண்ணாடியின் அடியில் கிரீஸ் இருக்கும், ஓரங்களில் சேனலின் பஞ்சு ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவி, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி கழுவுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு வீட்டுக்குள் ஒட்டுவது நல்லது. தூசிதான் ஃபிலிமுக்கு முதல் எதிரி.

தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு கலந்து கண்ணாடியிலும் ஃபிலிமின் பசைப்பக்கத்திலும் தாராளமாகத் தெளித்து, வைத்து நகர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் (தண்ணீரை வழித்துத் தள்ளும் தட்டை) தண்ணீரை வெளியேற்றுங்கள். மேல் விளிம்பில் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள், விளிம்பு வரை ஒட்டினால் ரப்பரில் உரசித் தூக்கும். பக்க ஓரங்கள் சேனலுக்குள் மறையும் அளவு போக வேண்டும். கீழே பீடிங் கோட்டைத் தாண்டி இறங்கட்டும், ஆனால் மெஷினின் பிடிப்பு வரும் இடத்துக்கு மேலேயே நிறுத்திவிடுங்கள்.

ஒட்டிய உடனே மாட்டாதீர்கள், ஒரு இரவு விடுங்கள். ஈரப் பசையோடு சேனலுக்குள் தள்ளினால் ஓரம் சுருண்டுகொள்ளும். அதுவரை கதவின் திறப்பைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வைக்கலாம்.

படி 7: திரும்ப மாட்டுவது

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டியதுதான்: பெரிய கண்ணாடி, முக்கோணக் கண்ணாடி, டிவைடர், ரப்பர் சேனல், பீடிங். சேனலில் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும், தூசியையும் இழுக்கும்.

மெஷின் போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் முடுக்குங்கள். பேட்டரியையும் சுவிட்சையும் இணைத்து, கண்ணாடியை மேலே ஏற்றி, சட்டத்தில் நேராக உட்காருகிறதா என்று பார்த்து, பிறகு போல்ட் துளைக்கு நேரே இறக்கி இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் அந்தத் துளையிலேயே கண்ணாடி உடையும். பேடை மாட்டும் முன் ஓரிரு முறை மட்டும் முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். திக்கினாலோ சாய்ந்து ஏறினாலோ டிவைடரின் கீழ் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியைச் சற்று நகர்த்தினால் சரியாகும்.

ஷீட்டைப் பசைத்தடத்தின் மேலேயே வைத்து, விரலால் சுற்றிலும் அழுத்துங்கள். பிறகு குவளையில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஊற்றுங்கள். அடித் துளை வழியாக வெளியே வடிய வேண்டும். ஷீட்டின் உள்பக்கம் ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. அது உறுதியான பிறகுதான் பேட்.

பேட்டரியைக் கழற்றியதால் ஒரே தொடுதலில் ஏறும் ஆட்டோ வசதி சில கார்களில் மறந்துபோயிருக்கும். பல கார்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் மேல்நோக்கியே பிடித்திருந்தால் திரும்ப வந்துவிடும். சரியான முறை காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

மூன்று நான்கு நாளைக்குக் கண்ணாடியை இறக்க வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், டிரைவர் கதவில் உள்ள பின் ஜன்னல் லாக் பட்டனை அழுத்தி வைத்துவிடுங்கள். ஃபிலிமுக்கு அடியில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் தெரிந்தால் ஊசி எடுத்துக் குத்தப் போகாதீர்கள், நம்மூர் வெயிலுக்கு அவை தானே வற்றிவிடும்.