பந்தயப் படகு இன்ஜினில் ஃப்ளைவீலும் காலெட்டும் தேயாமல் பார்த்துக்கொள்வது

ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் மாதிரிப் பந்தயப் படகில் இன்ஜின் சத்தம் திடீரென்று ஏறும், ஆனால் படகின் வேகம் ஏறாது. இப்படி நடந்தால் பலர் முதலில் கார்புரேட்டர் ஊசியைத்தான் திருகுகிறார்கள். நான் லேத் வேலை செய்கிறவன்; என் கை முதலில் இன்ஜின் முன்னால் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நட்டுக்குத்தான் போகும். பெரும்பாலும் வழுக்கல் அங்கேதான் இருக்கும்.

நான் ஓட்டுவது 3.5 சி.சி. நைட்ரோ இன்ஜின் (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடுவது), எஃப்.எஸ்.ஆர்.-வி என்கிற நீண்ட நேரப் பந்தய வகைப் படகு. இந்த வகையில் ஒரு பந்தயம் 30 நிமிடம் வரை போகும். நிமிடத்துக்கு 20,000 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் அந்த 30 நிமிடத்தில் ஃப்ளைவீல் 6 லட்சம் முறை சுற்றுகிறது. சின்ன வழுக்கல் இருந்தாலும் அது தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ள இது போதுமான நேரம்.

அமைப்பு எளிமையானதுதான். இன்ஜினின் சுழலும் அச்சான கிராங்க்ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் பிளந்த, கூம்பு வடிவக் காலெட் ஒன்று ஏறும். அதே கூம்பு ஃப்ளைவீலின் துளைக்குள்ளும் கடைந்திருக்கும். நட்டை முறுக்கும்போது ஃப்ளைவீல் கூம்பின் மேல் ஏற, காலெட் சுருங்கி ஷாஃப்டைக் கவ்வும். ஃப்ளைவீலைப் பிடித்திருப்பது நட்டு இல்லை, டேப்பர் என்கிற இந்தக் கூம்புப் பொருத்தம்தான். நட்டின் வேலை டேப்பரை உள்ளே தள்ளி அங்கேயே வைத்திருப்பது மட்டும். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்வதெல்லாம் தானாகவே புரியும்.

தேய்மானம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அசைவில்தான் தொடங்குகிறது. ப்ரொப்பெல்லர் அலையை விட்டு மேலே வந்து மறுபடி தண்ணீரைக் கடிக்கும் ஒவ்வொரு முறையும் டேப்பருக்கு ஒரு உதை விழும். பிடிப்பு முழுமையாக இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் மைக்ரான் கணக்கில் உரசும். கழற்றிப் பார்க்கும்போது ஸ்டீல் ஷாஃப்டில் செம்பழுப்புத் தூளோ, அலுமினியத்தில் கறுப்புத் தூளோ இருந்தால் அதுதான் சாட்சி. அழுக்கு என்று துடைத்துவிட்டுத் திரும்பவும் பூட்டிவிடாதீர்கள்.

முதல் வேலை, டேப்பரைக் காய்ந்த நிலையில் பூட்டுவது. நைட்ரோ எரிபொருளில் ஆமணக்கெண்ணெயோ சிந்தெடிக் எண்ணெயோ கலந்திருக்கும். அது முன் பேரிங் வழியாகக் கசிந்து ஷாஃப்டோடு வந்து காலெட்டின் அடியில் புகுந்துவிடும். ஷாஃப்ட், காலெட்டின் உள்ளும் வெளியும், ஃப்ளைவீல் துளை என எல்லாவற்றையும் அசிட்டோனில் நனைத்த பஞ்சு இல்லாத துணியால் துடையுங்கள். காலெட்டின் பிளவுக்குள் ஒரு மெல்லிய அட்டையை விட்டு இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெயும் வந்துவிடும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று எண்ணெய் தடவுகிற நல்ல பழக்கம் இந்த ஒரு இடத்துக்கு வேண்டாம்.

அடுத்து, இரண்டும் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். காலெட்டின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் நான்கு கோடு போட்டு, ஃப்ளைவீலை ஏற்றி, நட்டை லேசாக இறுக்கி, அரைச் சுற்று திருகிக் கழற்றுங்கள். கோடு முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் சரி. ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் இரண்டின் கோணமும் ஒத்துப்போகவில்லை. வேறு காலெட் போடுங்கள். வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பித்தளைக் காலெட்டில் நான் அதைச் செய்யவே மாட்டேன். மென்மையான உலோகத்தில் அந்தக் கரடுப்பொடி புதைந்து தங்கிவிடும், பிறகு காலெட்டே ஷாஃப்டை அரைக்கிற அரமாகிவிடும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை ஒன்று உண்டு. புதுக் காலெட்டைப் பூட்டி இறுக்கியதும் ஃப்ளைவீலின் பின்முகத்துக்கும் இன்ஜின் முன்முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து எழுதி வையுங்கள். டேப்பர் பக்கத்துக்கு 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால், விட்டத்தில் 0.05 மி.மீ. தேய்ந்தாலே ஃப்ளைவீல் ஏறக்குறைய 0.29 மி.மீ. உள்ளே போயிருக்கும். மைக்ரோமீட்டரில் தவறிப்போகிற தேய்மானம்கூட இதில் பளிச்சென்று தெரியும். கூடவே காலெட்டின் சிறிய முனையையும் பாருங்கள். ஃப்ளைவீல் உள்ளே போகப்போக அந்த முனை வெளியே எட்டிப் பார்த்து நட்டில் முட்டும். அப்போது நட்டு இறுகியது போலக் கைக்குத் தெரியும், ஆனால் டேப்பர் தளர்வாகவே இருக்கும். இதைவிட ஏமாற்றுகிற கோளாறு இந்த இன்ஜினில் வேறு இல்லை.

பூட்டியதும், சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை ஃப்ளைவீலின் விளிம்பில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 150 கிராம் ஃப்ளைவீல் மையத்திலிருந்து 0.05 மி.மீ. விலகியிருந்தால், நிமிடத்துக்கு 25,000 சுற்று வேகத்தில் அது ஷாஃப்டைப் பக்கவாட்டில் 5 கிலோ எடையின் விசையோடு இழுக்கும். முன் பேரிங்கும் காலெட்டும் சேர்ந்தே கெடும். ஆட்டம் தெரிந்தால் கழற்றித் துடைத்து, காலெட்டைக் கால் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு துளி அழுக்குதான் காரணமாக இருக்கும்.

இறுக்கும்போது எக்ஸாஸ்ட் வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பிஸ்டனை நிறுத்தாதீர்கள். ஃப்ளைவீலில் ஸ்பேனரின் ஊசிமுனை நுழையும் துளை இருந்தால் அதற்கான ஸ்பேனர், இல்லாவிட்டால் பட்டை ஸ்பேனர். கழற்றும்போது புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டுமே. ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் தட்டினால் அந்த அடி நேராகப் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடுக்கும் போகும்.

ஸ்டார்ட் செய்யும் முறையும் டேப்பரைத் தின்னும். படகு கவிழ்ந்து இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் க்ளோ பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றி, தண்ணீரை முழுவதும் வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட்டர் பெல்ட்டை ஃப்ளைவீலில் போடுங்கள். தண்ணீர் அமுங்காது. உள்ளே பிஸ்டன் அசையாமல் நிற்க, வெளியே ஸ்டார்ட்டர் ஃப்ளைவீலை இழுக்க, டேப்பர் ஒரே இழுப்பில் உரிந்துபோகும். பல மாதத் தேய்மானம் ஒரு நொடியில் நடந்து முடியும்.

அப்புறம், இன்னொரு காலெட்: இன்ஜின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் வளையும் கேபிளின் (ஃப்ளெக்ஸ் கேபிள்) முன்முனையைக் கவ்வுவது. இங்கே தேய்மானத்துக்குப் பெரிய காரணம் நேர்கோடு இல்லாதது. ஷாஃப்ட் குழாய் இன்ஜின் மையத்துக்கு நேராக வராவிட்டால் கேபிள் காலெட்டின் வாயில் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். வாய் மணி போல விரியும், பிறகு அதே இடத்தில் கேபிள் அறும். இன்ஜின் மவுண்டைத் தளர்த்தி, கேபிள் தன் போக்கில் காலெட்டுக்குள் நுழைகிற நிலையைக் கண்டுபிடித்து அங்கேயே இறுக்குங்கள். காலெட் கவ்வுகிற நீளத்தில் மட்டும் க்ரீஸைத் துடைத்துவிடுங்கள், மற்ற நீளத்துக்கெல்லாம் தாராளமாகப் போடலாம். இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள்.

பின்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்கும் பிடி) டிரைவ் டாகுக்கும் (ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) நடுவே கொஞ்சம் இடம் விட வேண்டும். பாரம் ஏறும்போது கேபிள் முறுக்கேறி நீளம் குறையும். இடமில்லாவிட்டால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டில் முட்டி, கேபிளைக் காலெட்டிலிருந்து பிடுங்கப் பார்க்கும். என் படகில் நான் 4 மி.மீ. விடுகிறேன். காலெட் வாயில் கேபிளின் மேல் மார்க்கர் கோடு ஒன்று போட்டு வைத்தால், அது நகர்ந்ததா என்று கரைக்கு வந்ததும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தேய்ந்த காலெட்டுக்கு எமரி போடுவது, டேப்பரில் லாக்டைட் பசை ஊற்றுவது இரண்டையும் நான் ஏற்பதில்லை. லாக்டைட் வழுக்கலைக் கொஞ்ச நாள் மறைக்கும்; கழற்ற வேண்டிய நாளில் சூடு காட்ட வேண்டியிருக்கும், பக்கத்திலேயே முன் பேரிங் இருக்கிறது. காலெட் விலை குறைந்த பாகம், ஷாஃப்ட் அப்படியில்லை. புதுக் காலெட் போட்டால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு இன்ஜின் ஆறியதும் நட்டை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, ஃபீலர் கேஜ் அளவைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.