லெகோவில் ஊட்டி ரயில் என்ஜின்: நான் சொதப்பிய இடங்கள்

குன்னூரில் வீட்டை வைத்துக்கொண்டு லெகோ ரயில் கட்டுகிறவன் வேறு எந்த என்ஜினைக் கட்டுவான்? நானும் ஊட்டி மலை ரயிலின் நீராவி என்ஜினான எக்ஸ் கிளாஸில்தான் ஆரம்பித்தேன். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, நீலக் கட்டைகளாகத் தேடிச் சேர்த்து, கடைசியில் மேசைமேல் நிறுத்தினால் ஜோராகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “நல்லா இருக்கு தம்பி. மேல் சிலிண்டர் எங்கே?” என்றார்.

மேல் சிலிண்டர் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து தினமும் பார்க்கிற என்ஜின்!

கட்டைப் பெட்டியை முதலில் திறந்ததுதான் தப்பு. ஷெட் பக்கம் போய் என்ஜினின் பக்கவாட்டைப் பத்து நிமிஷம் பார்த்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த அந்த எக்ஸ் கிளாஸ் உண்மையில் ஒரே உடம்பில் இரண்டு என்ஜின். ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர், அதாவது நீராவி பிஸ்டனைத் தள்ளும் உருளை. கீழ் சிலிண்டருக்குக் கொதிகலனிலிருந்து வரும் உயர் அழுத்த நீராவி. அது தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களைச் சுற்றும். அங்கே வேலை முடித்த நீராவியில் இன்னும் கொஞ்சம் தெம்பு பாக்கி இருக்கும் இல்லையா, அது மேல் சிலிண்டருக்குப் போய்த் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரத்தைச் சுற்றும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில், 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற இடத்தில்தான் இதெல்லாம். பல்சட்டம் இல்லாத இடத்தில் மேல் சிலிண்டருக்கு ஓய்வு. இது தெரியாமல் கட்டினால் அது ஏதோ ஒரு நீல என்ஜின், அவ்வளவுதான்.

அடுத்தது அளவு. லெகோ தண்டவாளத்தின் உள் அகலம் சுமார் 37.5 மி.மீ. உலகில் அதிகமாகப் புழங்கும் 1435 மி.மீ. பாதைக்கு அது கிட்டத்தட்ட 1:38, அதாவது நிஜத்தில் 38-ல் ஒரு பங்கு. நம் மலைப் பாதையோ மீட்டர் கேஜ். 1000-ஐ 37.5-ஆல் வகுத்தால் 1:27 ஆகிவிடுகிறது. நான் இந்தக் கணக்கே போடாமல், இணையத்தில் கிடைத்த ஏதோ வெளிநாட்டு என்ஜின் வரைபடத்தின் அகலத்தை எடுத்துக்கொண்டு, உயரத்தை மட்டும் நம் என்ஜின் போட்டோவிலிருந்து கணக்கிட்டேன். விளைவு, பசியில் மெலிந்த மாடு மாதிரி ஓர் என்ஜின். ஒரு வண்டி 2.5 மீட்டர் அகலம் என்று வையுங்கள். 1:38-ல் அது 8 ஸ்டட் (கட்டையின் மேலே இருக்கும் குமிழ், ஒன்றுக்கு 8 மி.மீ.), 1:27-ல் 12 ஸ்டட் கிட்ட வரும். 12 ஸ்டட் அகலத்தில் கட்டினால் தண்டவாளத்துக்குச் சரியாக இருக்கும், ஆனால் வளைவில் திரும்பாது, கட்டை வாங்கியே வீட்டுச் செலவு இடிக்கும். என் கட்சி 8 ஸ்டட்தான். தண்டவாளம் கொஞ்சம் அகலமாகத் தெரியும், தெரியட்டும். அலமாரியில் நிறுத்தி வைக்க மட்டும் என்றால் 1:27-க்குப் போங்கள். எதுவானாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும், பாதியில் மாறினால் எல்லாம் கோணல்.

சக்கரத்திலும் இதே கதை. 2009-ல் எமரால்ட் நைட் என்ற செட்டோடு வந்த பெரிய ரயில் சக்கரம் எல்லோருக்கும் ஆசைதான். அதன் விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ.; 1:38-ல் 1140 மி.மீ. ஆகிறது. மலை ஏறுகிற நம் என்ஜினின் சக்கரம் ஒரு மீட்டர்கூட வராது. பெரிய சக்கரம் வேகத்துக்கு, சின்னச் சக்கரம் இழுவைக்கு. பெரியதை மாட்டினால் எக்ஸ்பிரஸ் என்ஜின் வழி தவறி பர்லியாறு பக்கம் வந்த மாதிரி இருக்கும். நடுத்தர அளவுச் சக்கரங்களைத் தனியாகச் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவற்றைத் தேடுங்கள்.

நான்கு ஜோடி இயக்கு சக்கரம், பின்னால் ஒரு ஜோடி சின்னச் சக்கரம். நான்கு ஜோடிக்கும் விளிம்புள்ள (தண்டவாளத்தின் உள்பக்கம் இறங்கிப் பிடிக்கும் ஓரமுள்ள) சக்கரம் மாட்டினால் 40 ஸ்டட் ஆர வளைவில் என்ஜின் முரண்டு பிடித்து நின்றுவிடும். முதல் ஜோடிக்கும் நான்காவதுக்கும் மட்டும் விளிம்பு, நடுவில் இரண்டுக்கும் விளிம்பில்லாதவை. பின் ஜோடி தனியாகப் பக்கவாட்டில் அசைய வேண்டும்.

இப்போது ராடு, அதாவது ஒரு பக்கத்துச் சக்கரங்களை இணைக்கும் தண்டு. ஒவ்வொரு சக்கரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் பின் (pin) என்ற முளையில் அது மாட்டும். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், நானும் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். இடது பக்கப் பின் மேலே நிற்கும்போது வலது பக்கப் பின் எங்கே இருக்க வேண்டும்? அதுவும் மேலேதான் என்று வைத்துவிட்டேன், பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று. மோட்டார் ஒரு அச்சை மட்டும் சுற்றுகிறது, மற்ற மூன்றையும் ராடுதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ராடும் பின்னும் அச்சும் ஒரே நேர்கோட்டில் வரும் நொடியில் ராடால் அச்சைத் திருப்ப முடியாது. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் இருக்கும்போது மிதித்துப் பாருங்கள், புரியும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அந்த நிலைக்கு வந்தால் ஒரு சக்கரம் முன்னால் போகப் பார்க்கும், இன்னொன்று பின்னால். டக் என்று நின்றுவிடும். அதனால் ஒரு பக்கத்தை 90 டிகிரி தள்ளி வையுங்கள். நிஜ என்ஜினிலும் அப்படித்தான். லெகோ அச்சின் முனை கூட்டல் குறி வடிவம் என்பதால் சக்கரத்தைக் கழற்றி ஒரு கால் சுற்று திருப்பிச் செருகினால் போதும், ஆனால் அந்தப் பக்கம் நான்கையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். அப்புறம் ராடை சக்கரத்தோடு இறுக அழுத்தாதீர்கள், நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். மோட்டார் மாட்டுவதற்கு முன் தண்டவாளத்தை ஒரு பலகையில் வைத்துச் சாய்த்து, என்ஜின் தானாக உருள்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கொதிகலனை உருண்டையாக்க எல்லோரும் உயிரை விடுகிறார்கள். நம் என்ஜினில் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் கொதிகலனில் பாதிதான் வெளியே தெரியும், அந்த நேரத்தைப் புகைபோக்கியிலும் சிலிண்டரிலும் செலவிடலாம். பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவையும் நேற்று எடுத்த செல்போன் படத்தையும் கலக்காதீர்கள். இடையில் சில என்ஜின்களை எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார்கள். எண்ணெய் என்ஜினின் பின்னால் நிலக்கரி குவித்தால் தாத்தா மாதிரி ஆட்கள் விடமாட்டார்கள்.

கணினியில் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டுடியோ மென்பொருளில் புவியீர்ப்பு கிடையாது. திரையில் கம்பீரமாக நிற்கிற என்ஜின் கையில் எடுத்தவுடன் இரண்டாகப் பிரியும். நீங்கள் கேட்கும் நீலத்தில் அந்தக் கட்டை வந்தே இருக்காது, அதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிப் பெட்டியை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி உடம்பைக் கட்டுங்கள். நான் உடம்பை முடித்துவிட்டு பேட்டரிக்கு இடம் தேடினேன், டிரைவர் நிற்கும் இடமே காலி.

கடைசியாக ஏற்றம். ஒரு நேர்த் தண்டவாளம் 16 ஸ்டட், அதாவது 128 மி.மீ. ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒரு முழுக் கட்டை உயர்த்தினால் 13-க்கு 1 வந்துவிடும், கிட்டத்தட்ட கல்லாறு ஏற்றமேதான். பிளாஸ்டிக் சக்கரம் அதில் வழுக்கும். சரி, பல்சட்டம் வைப்போம் என்று லெகோவின் டெக்னிக் வகைப் பல்சட்டத்தை நடுவில் ஒட்டி, சக்கரத்தைச் சுற்றும் அதே அச்சில் 16 பல் கியரையும் மாட்டினேன். கியர் ஒரு சுற்றுக்கு 51 மி.மீ. போகிறது, அப்போது மாட்டியிருந்த பெரிய சக்கரம் 94 மி.மீ. போகிறது. ஒன்று இழுக்க, ஒன்று தேய்க்க, கறகறவென்று ஒரே சத்தம். விண்டர்தூர்க்காரர்கள் ஏன் பல்சக்கரத்துக்குத் தனியாக ஒரு ஜோடி சிலிண்டர் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. இப்போது கியருக்குத் தனி மோட்டார். சமதளத்தில் அது சும்மா இருக்கும்.

ஒன்றை விட்டுவிட்டேன். என்ஜினைப் பெட்டிகளுக்கு முன்னால் மாட்டிப் படம் எடுத்துப் போடாதீர்கள். மேலே ஏறும்போது நம் என்ஜின் பின்னால் நின்று தள்ளும். லெகோவில் தள்ளினால் காலிப் பெட்டி வளைவில் தடம் புரளும், அதனால் முதல் பெட்டியின் அடியில் நான் நான்கு பழைய இரும்பு நட்டுகளை ஒளித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன் பொம்மைகள் இன்னும் பாக்கி. தாத்தா போன வாரமும் அதைத்தான் கேட்டார்.