மேட்ச் தேதி உறுதியாகும் முன் விமான டிக்கெட் வேண்டாம்: ஐரோப்பியக் கால்பந்து அரங்குகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். அட்டவணை ஐரோப்பியக் கோடையிலேயே, லீக் தொடங்கும் முன்பே வெளிவந்துவிடும். அதில் சனிக்கிழமை என்று போட்டிருப்பதை நம்பி, வெள்ளி இரவு இறங்கி ஞாயிறு காலை கிளம்பும்படி டிக்கெட் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முதலில் வருவது எந்த வார இறுதி என்ற தகவல் மட்டுமே. எந்த நாள், எத்தனை மணி என்பது டிவி ஒளிபரப்பைப் பொறுத்துச் சில வாரங்களுக்கு முன்புதான் முடிவாகும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஆட்டம் திங்கள் இரவுக்குக்கூடப் போய்விடும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்கும் இடம், பயணத் திட்டம் எல்லாம் அப்போதே காட்டியாக வேண்டும். மேட்ச் நேரம் பெரும்பாலும் அதற்குப் பிறகே தெரியவரும். ஆகவே விசாவை வெள்ளி முதல் செவ்வாய் வரை அடங்கும்படி கேளுங்கள்; ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டலாகப் பிடியுங்கள். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு, லண்டனின் வெம்ப்ளி அரங்குகள் ஷெங்கனில் சேராது, பிரிட்டனுக்குத் தனி விசா.

நாட்டு அணிகள் ஆடும் இடைவெளிகளில் லீக் ஆட்டமே கிடையாது. செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவிலும், மார்ச்சிலும் இவை வரும். ஜெர்மனியில் கிறிஸ்துமஸையொட்டிச் சில வாரங்கள் லீக் நின்றுவிடும்.

ஆட்டத்தைப் பார்ப்பதும் அரங்கைச் சுற்றிப் பார்ப்பதும் வேறு வேறு வேலை. ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். மேட்ச் நாளில் பல அரங்குகளில் டூர் கிடையாது, இருந்தாலும் வீரர்களின் உடைமாற்றும் அறை பூட்டியிருக்கும். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் என்றால் முந்தைய நாளே பயிற்சி, பத்திரிகையாளர் சந்திப்பு என்று கெடுபிடி தொடங்கிவிடும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழன் அல்லது வெள்ளி காலை டூர் வைத்துக்கொள்வது நல்லது. நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள்.

மேட்ச் டிக்கெட்டைக் கிளப்பின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் உறுப்பினர்களுக்குக் கொடுத்தது போக மீதிதான் பொதுவிற்பனைக்கு வரும். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்கு அந்த மீதியே அபூர்வம்; வர முடியாத உறுப்பினர்கள் திருப்பி விற்கும் கிளப்பின் மறுவிற்பனைப் பக்கத்தைத் தினமும் பார்ப்பதுதான் வழி. முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை இத்தாலியின் மிலான் நகரம். இன்டர், ஏ.சி. மிலான் என்ற இரண்டு கிளப்புகளுக்கும் சான் சீரோ ஒன்றே அரங்கம் என்பதால் இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர் என்று ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். சிறிய அணி எதிராளி என்றால் இடமும் கிடைக்கும். இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதும் டெர்பியை மறந்துவிடுங்கள், அதற்கு இடம் கிடைப்பது கடினம்.

சான் சீரோ 1926-ல் திறந்தது. 1990 உலகக் கோப்பைக்காக மேலே மூன்றாவது அடுக்கும் கூரையும் அதைத் தாங்கும் கோபுரங்களும் கட்டினார்கள். மொத்தம் 11 கோபுரங்கள். படங்களில் திருகுபோல் தெரிவது அவற்றைச் சுற்றி ஏறும் சாய்வுப் பாதைகள்தான். மூன்றாவது அடுக்கில் இடமென்றால் அதில்தான் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் காசு கூடினாலும் கீழ் அடுக்கே வாங்கட்டும்.

டிக்கெட்டில் நிறம்தான் திசை: சிவப்பு மேற்கு, ஆரஞ்சு கிழக்கு, பச்சை வடக்கு, நீலம் தெற்கு. பச்சையின் இரண்டாவது அடுக்கு இன்டரின் தீவிர ரசிகர்களுடையது, நீலத்தின் இரண்டாவது அடுக்கு ஏ.சி. மிலான் ரசிகர்களுடையது. ஆட்டம் முழுக்க நின்று பாடுகிற கூட்டம் அது; குழந்தைகளோடு அங்கே போகாதீர்கள். இத்தாலியில் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நண்பர் பெயரில் எடுத்ததை நீங்கள் கொண்டுபோனால் உள்ளே விட மாட்டார்கள். பெயர் மாற்றும் வசதி உள்ள டிக்கெட்டா என்று பார்த்து, முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

டூவோமோ பேராலயத்திலிருந்து எம்1 சிவப்பு மெட்ரோவில் லோட்டோ வரை போய், எம்5 ஊதா வழித்தடத்துக்கு மாறி, கடைசி நிறுத்தமான சான் சீரோ ஸ்டாதியோவில் இறங்க வேண்டும். எம்1 நடுவில் இரண்டாகப் பிரியும். ரோ ஃபியேரா என்று எழுதிய ரயிலில் ஏறுங்கள். பிஷெல்யே என்றிருந்தால் வேறு பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

மியூனிக்கின் அல்லியான்ஸ் அரீனா இருட்டிய பின் பார்க்க வேண்டிய கட்டடம். காற்று நிரப்பிய 2,700-க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மெத்தைகளாலான வெளித்தோல் பேயர்ன் ஆடும் இரவில் சிவப்பாக ஒளிரும். யூ6 பாதாள ரயிலில் ஃப்ரோட்மானிங் நிறுத்தம், அங்கிருந்து சுமார் 15 நிமிட நடை. முழு அரங்கமும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் பக்கத்தில் காற்றாலை நிற்கும் ஃப்ரோட்மானிங் குன்றில் ஏறுங்கள். ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்தது அது.

ஜெர்மனியின் இன்னொரு நகரமான டோர்ட்முண்டின் அரங்கில் 80,000-க்கும் மேல் கூட்டம். அதில் சுமார் 25,000 பேர் தெற்குப் பக்கத்தில் மட்டும், நின்றபடி. மஞ்சள் சுவர் என்று அழைக்கப்படும் அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குள் இடம் தேடாதீர்கள், எதிரே வடக்குப் பக்கம் வாங்குங்கள். மேட்ச் டிக்கெட்டே அந்த வட்டாரப் போக்குவரத்துக்கும் செல்லும். டுசல்டார்ஃபில் தங்கினால் சாதாரண வட்டார ரயிலில் தனிச் செலவில்லாமல் வந்து போகலாம், ஐசிஇ விரைவு ரயிலில் செல்லாது. கோல்ன் (கொலோன்) நகரம் அந்த எல்லைக்கு வெளியே.

மாட்ரிட்டின் பெர்னபாவு அரங்கில் புல்தரையைத் துண்டுகளாகப் பிரித்துப் பூமிக்கடியில் இறக்கிவைக்கும் ஏற்பாடு உண்டு. வேறு நிகழ்ச்சி இருக்கும் நாட்களில் டூர் போனால் புல்லையே பார்க்காமல் திரும்ப நேரலாம், தேதியைச் சரிபாருங்கள். பார்சிலோனாவின் கேம்ப் நோ அரங்குக்கு, புதுப்பிப்பு வேலையால் வேறு இடத்தில் ஆடிவந்த அணி 2025 நவம்பரில்தான் திரும்பியது, கட்டுமானம் அப்போதும் முடிந்திருக்கவில்லை. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பை விஷயத்தில் எங்கும் கறார். ஏ4 தாள் அளவைத் தாண்டினால் பல அரங்குகளில் உள்ளே விடுவதில்லை. முதுகுப்பை, லென்ஸ் மாற்றும் கேமரா இரண்டையும் ஹோட்டலிலேயே வையுங்கள். டிக்கெட் போனில்தான் இருக்கும் என்பதால் சிறிய பவர் பேங்க் ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும், அதற்கு அனுமதி உண்டா என்று விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே வாசலுக்குப் போய்விடுங்கள். முடிந்ததும் மெட்ரோவுக்கு ஓட வேண்டாம். அரை மணி நேரம் இருக்கையிலோ அரங்கைச் சுற்றியோ கழித்தால் நெரிசல் பாதியாகிவிடும், இரவு ஆட்டமென்றால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்பே பார்த்துவைத்திருங்கள்.