நிசான் ஸ்கைலைன் ஆர்33: ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்துவது எப்படி

ஜப்பானில் ஓடி முடித்து ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வந்து இறங்கிய ஆர்33 ஸ்கைலைன்களில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் நிறைய. 1993 முதல் 1998 வரை வந்த இந்த மாடலின் ஜிடிஎஸ்25டி வகையில் 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ உள்ள ஆர்பி25டிஈடி எஞ்சின். நிசான் அறிவித்த திறன் 250 குதிரைத்திறன். இதே காரை நிசானே ஐந்து கியர் மேனுவலாகவும் விற்றது. அதனால் தரையை வெட்டுவது, புதிதாகத் தாங்கி செய்து வெல்டிங் வைப்பது போன்ற வேலைகள் இதில் கிடையாது. மேனுவல் காரில் இருந்த ஒவ்வொரு பாகமும் ஆட்டோ காரிலும் தன் இடத்தில் போய் உட்காரும்.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் பெரிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஜாக்கியும் இரண்டு பேரும் இருந்தால் அது முடிந்துவிடும். வண்டியை வாரக்கணக்கில் ஸ்டாண்டிலேயே நிற்க வைப்பவை சின்னச் சின்னப் பொருள்கள்: பொருந்தாத ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்), மறந்துபோன பைலட் புஷ் (கிராங்க் முனையில் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் சிறு வளையம்), கைக்கு வராத புரொப்பல்லர் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு), எங்கே போகிறது என்று தெரியாத நான்கு ஒயர்கள். ஆகவே எல்லாப் பாகங்களும் கைக்கு வரும்வரை ஆட்டோமேட்டிக்கின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள்.

பாகங்களைச் சேர்ப்பது

முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே மேனுவல் ஈசிஆர்33 (2.5 லிட்டர் ஆர்33-இன் சேஸிஸ் குறியீடு) காரிலிருந்து மொத்தமாக வாங்குங்கள். ஹாஃப்-கட் (வெட்டி எடுத்த காரின் முன்பாதி) கிடைத்தால் இன்னும் நல்லது. தனித்தனியாகச் சேர்த்தால் விலை குறைவதுபோலத் தோன்றும். கடைசியில் ஒரு பிராக்கெட்டுக்காக வண்டி காத்திருக்கும்.

கியர்பாக்ஸ் வாங்கும்போது "ஆர்33 பாக்ஸ்" என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. டர்போ இல்லாத ஆர்பி25டிஈ எஞ்சினோடு வந்தது உருவில் சிறிய வேறொரு பாக்ஸ். டர்போ எஞ்சினின் முறுக்குவிசையை அது நெடுநாள் தாங்காது. ஜிடிஆர், ஜிடிஎஸ்-4 பாக்ஸ்களில் முன்சக்கரத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ் சேர்ந்திருக்கும்; அவை இந்தக் காருக்கு வேண்டாம். டர்போ எஞ்சினுடன் வந்த பாக்ஸ் என்பதை, கழற்றிய காரின் சேஸிஸ் எண்ணைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்குமுன் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். வடியும் எண்ணெயில் பளபளக்கும் நுண்தூள் கொஞ்சம் இருக்கலாம். விரலில் தட்டுப்படும் துண்டுகள் வந்தால் அந்தப் பாக்ஸை விட்டுவிடுங்கள்.

பாக்ஸோடு கூடவே வர வேண்டியவை: மேனுவல் ஃப்ளைவீல், அதற்குரிய போல்ட்கள் (ஆட்டோவில் ஃப்ளைவீலின் இடத்தில் இருக்கும் டிரைவ் பிளேட்டின் போல்ட்களை இங்கே போடக் கூடாது), கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கும் அதன் கேரியரும், ஃபோர்க், பைலட் புஷ், எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு, பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பர், புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்பாதி, பெடல் பெட்டி, பெடல் பக்கம் இருக்கும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், அவற்றை இணைக்கும் குழாயும் ரப்பர் ஹோஸும், கியர் லீவரின் இரு ரப்பர் உறைகள், கன்சோல் மூடி, மேனுவல் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்). எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் திறந்து கிடப்பது இப்போது மட்டும்தான். ஸ்டார்ட்டர் விஷயத்தில் ஊகம் வேண்டாம்: பழைய டிரைவ் பிளேட்டையும் புதிய ஃப்ளைவீலையும் பக்கத்தில் வைத்து பற்களை எண்ணுங்கள், விட்டத்தை அளந்து பாருங்கள். வேறுபட்டால் மேனுவல் ஸ்டார்ட்டரும் தேவை.

கிளட்சில்தான் அதிகப் பணம் வீணாகிறது. ஆர்பி பாக்ஸ்களில் தள்ளும் வகையும் உண்டு, இழுக்கும் வகையும் உண்டு. தள்ளும் வகையில் பேரிங், பிரஷர் பிளேட்டின் விரல்களை ஃப்ளைவீல் பக்கம் அழுத்தும். இழுக்கும் வகையில் பேரிங் அந்த விரல்களுக்குள் வளையத்தால் பூட்டிக்கொண்டு பின்னால் இழுக்கும். ஃபோர்க்கையும் பேரிங்கையும் கண்ணால் பார்த்தபிறகே கிளட்ச் செட்டுக்குப் பணம் கட்டுங்கள். தள்ளும் வகையிலும் பேரிங் கேரியர்கள் பல உயரங்களில் இருக்கின்றன. பிரஷர் பிளேட்டின் உயரத்துக்கு ஏற்ற கேரியர் வேண்டும். குட்டையாக இருந்தால் பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் விடாது. நெட்டையாக இருந்தால் பெடலை விட்டபிறகும் லேசாக அழுத்திக்கொண்டே இருந்து கிளட்ச் வழுக்கும். இரண்டுக்குமே பாக்ஸை மறுபடி இறக்கியாக வேண்டும்.

பழையதை இறக்குவது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். நான்கு ஸ்டாண்டில் வண்டியைச் சமமாக, பாக்ஸ் ஜாக்கியோடு வெளியே உருண்டு வரும் அளவுக்கு உயர்த்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் சுமார் 8 லிட்டர் எண்ணெய் இருக்கும். அடியிலுள்ள எண்ணெய்த் தட்டை வடித்தாலும் டார்க் கன்வர்ட்டருக்குள் (எஞ்சினையும் ஆட்டோ பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் பாகம்) ஒரு பங்கு தங்கியிருக்கும், சாயும்போது கொட்டும்.

டர்போவுக்குக் கீழே இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட் (டிஃப், அதாவது பின் டிஃபரென்ஷியல் பக்க ஃபிளேஞ்சில் அடையாளம் போட்டு), லீவர் இணைப்பு, எண்ணெய்க் குழாய்கள், டிப்ஸ்டிக் குழாய் எல்லாம் வெளியே. ஸ்டார்ட்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கை நுழைவது கடினம். கீழிருந்து நீள எக்ஸ்டென்ஷன் போட்டால் வரும். அடுத்து கிராங்கைச் சுற்றிச் சுற்றி, கீழேயுள்ள திறப்பு வழியாகக் கன்வர்ட்டர் போல்ட்களை ஒவ்வொன்றாக எடுங்கள். கன்வர்ட்டர் பாக்ஸோடு சேர்ந்தே வர வேண்டும். அது எஞ்சின் பக்கம் ஒட்டி நின்றால் பாக்ஸ் சாயும்போது வழுக்கி விழும்.

பெல் ஹவுசிங்கின் (எஞ்சினோடு ஒட்டும் பாக்ஸின் அகன்ற முன்பகுதி) மேல் போல்ட்களுக்கு, பாக்ஸின் வாலை ஜாக்கியோடு சில அங்குலம் இறக்கினால் வழி கிடைக்கும். அப்படி இறக்கும்போது எஞ்சினின் முன்பக்கம் மேலெழும். ஃபேன் அதன் உறையில் முட்டுகிறதா, ஹோஸ்கள் இழுபடுகின்றனவா என்று மேலே ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலருக்கு இனி வேலை இல்லை. கூலன்ட் அதற்குள் ஓடுவதில்லை என்பதால் ரேடியேட்டரை மாற்றத் தேவையில்லை. இரண்டு வாயையும் மூடியிட்டு அடைத்தால் போதும்.

எஞ்சினின் பின்முனை

டிரைவ் பிளேட்டை எடுத்ததும் கிராங்க் முனையின் நடுத்துளையைப் பாருங்கள். ஆட்டோ எஞ்சின்களில் கன்வர்ட்டரை மையப்படுத்த ஒரு வளையம் அங்கே இருக்கும். அதை எடுக்காமல் பைலட் புஷ் போகாது. துளை நிறைய கிரீஸை அடைத்து, துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் இரும்புத் தண்டை வைத்துச் சுத்தியலால் அடித்தால், கிரீஸின் அழுத்தமே வளையத்தை வெளியே தள்ளும். பிறகு துளையைத் துடைத்து, புதிய பைலட் புஷ்ஷை நேராக, சிறு சிறு அடியாக உள்ளே இறக்குங்கள். இந்தப் புஷ் இல்லாமல் வண்டியை ஓட்டினால் இன்புட் ஷாஃப்டின் முன்முனை தாங்கலின்றி ஆடும். முதலில் கியர் விழாது, பிறகு பாக்ஸின் முன் பேரிங் ஊளையிடும்.

பின் ஆயில் சீலை மாற்றி, இரும்புத் தகட்டைப் பொருத்தி, பிளாக்கில் இரண்டு டோவல்களும் (பொருத்து முளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பாக்ஸைக் கிராங்கின் மையத்துக்கு நேராக நிறுத்துவது இந்த இரு டோவல்களே, போல்ட்கள் அல்ல. ஒன்று தொலைந்திருந்தாலும் பாக்ஸ் மில்லிமீட்டரில் ஒரு பங்கு விலகி உட்காரும். கிளட்ச் தட்டின் நடுப்பகுதி விரிசல் விட அது போதும்.

ஃப்ளைவீலைக் கடைசலில் முகம் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்து ஏற்றுங்கள். போல்ட்களைக் குறுக்குவாட்டாக, படிப்படியாக 145 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். நிசானுடையது அல்லாத வெளிச்சந்தைப் போல்ட்களுக்கு அவற்றைச் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி. கிளட்ச் தட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலை நோக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். மையப்படுத்தும் கருவியைச் செருகிவைத்து, பிரஷர் பிளேட் போல்ட்களை ஒவ்வொன்றும் அரைச்சுற்றாகச் சுற்றிவந்து இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பிளேட் வளையும். இன்புட் ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அதிகமானால் அது தெறித்துத் தட்டின் மேல் விழும்.

பாக்ஸை ஏற்றும்போது பொறுமை வேண்டும். பெல் ஹவுசிங் பிளாக்கோடு கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி நிற்கிறதே என்று போல்ட் போட்டு இழுத்தால் பெல் ஹவுசிங்கின் போல்ட் காது உடையும், அல்லது தட்டின் நடுப்பகுதி நசுங்கும். இடைவெளி நின்றால் காரணம் பெரும்பாலும் பற்கள் பொருந்தாததுதான்: பாக்ஸைக் கியரில் போட்டு, பின்முனையைக் கையால் லேசாகச் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள், உள்ளே போய்விடும். புரொப்பல்லர் ஷாஃப்டைச் செருகியபின் அதன் முன்முனை பாக்ஸுக்குள் முட்டி நிற்காமல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போய்வர இடம் இருக்கிறதா என்று சோதியுங்கள். டிஃப் பக்க ஃபிளேஞ்சில் கழற்றும்போது போட்ட அடையாளத்திலேயே திரும்பப் பூட்டுங்கள்.

எண்ணெய்: ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90. ஜிஎல்-5 மட்டும் உள்ள எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள ரசாயனங்கள் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. வண்டி சமமாக நிற்கும்போது நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள்.

பெடலும் ஹைட்ராலிக்கும்

முதுகு வலிக்கும் வேலை இது. சீட்டைக் கழற்றிவிட்டுப் படுத்துச் செய்யுங்கள். வாங்கி வந்த மேனுவல் பெடல் பெட்டியின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கனமான கிளட்ச் போட்ட கார்களில் அது விரிந்திருக்கும், இப்போதே வலுப்படுத்திவிடலாம். பிரேக் பெடலும் மாற வேண்டும், ஆட்டோவின் அகலமான பெடல் கிளட்ச் காலுக்கு இடம் விடாது. பிரேக் பூஸ்டருக்குப் பக்கத்தில் ஃபயர்வாலில் மாஸ்டர் சிலிண்டருக்கான இடம் மூடப்பட்டிருக்கும். அதைத் திறந்து பொருத்துங்கள்.

ஸ்லேவுக்குப் போகும் ஹோஸை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். டாட் 4 திரவம் ஊற்றிக் காற்று எடுங்கள். பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டால் காற்று இன்னும் இருக்கிறது. ஸ்லேவின் தண்டை மெதுவாக உள்ளே தள்ளிப் பிடித்தால் குமிழ்கள் மாஸ்டருக்கு ஏறும். பெடல் தண்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சும்மா ஆடும் இடம் கட்டாயம் விடுங்கள். அது இல்லையென்றால் மாஸ்டருக்குள் இருக்கும் திரும்பும் துளை திறக்காது. சூடேறச் சூடேற அழுத்தம் கூடி, நல்ல கிளட்சும் வழுக்க ஆரம்பிக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டுக் கிளட்ச் மோசம் என்று திரும்பக் கழற்றுகிறார்கள்.

ஒயரிங்

ஆட்டோவில் பி (பார்க்), என் (நியூட்ரல்) நிலையில் மட்டும் ஸ்டார்ட்டரை அனுமதிக்கும் சுவிட்ச் பாக்ஸிலேயே இருந்தது. பாக்ஸ் போனதும் அந்தச் சுற்று அறுந்து, சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. அந்த இரு ஒயர்களை நேராக இணைத்தால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் கியரில் இருக்கும்போதும் வண்டி பாயும். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து, மிதித்தால் மட்டும் சுற்று இணையும்படி அதன் வழியே கொடுங்கள். பழைய ஆட்டோ பாக்ஸ் சுவிட்சின் ஒயர்க் கொத்திலிருந்து ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் இரு ஒயர்களை மேனுவல் பாக்ஸின் ரிவர்ஸ் சுவிட்சுக்கு மாற்றுங்கள். ஈசியூவுக்குப் போகும் நியூட்ரல் ஒயர் பாக்ஸின் நியூட்ரல் சுவிட்சுக்கு. எந்த ஒயர் எது என்பதை நிறத்தை நம்பி முடிவு செய்யாமல், பழைய பாக்ஸ் வண்டியில் இருக்கும்போதே லீவரை நகர்த்தி மல்டிமீட்டரால் குறித்து வையுங்கள்.

வேக சென்சார் இணைப்பை மறந்தால் ஸ்பீடோமீட்டரோடு நிற்காது: ஹைகாஸ் (பின்சக்கரங்களையும் திருப்பும் அமைப்பு) உள்ள கார்களில் அதன் எச்சரிக்கை விளக்கும் எரியும். ஈசியூவைப் பொறுத்தவரை ஆட்டோ ஈசியூவோடும் எஞ்சின் ஓடும், ஆனால் அது இல்லாத கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டிருக்கும். மேனுவல் ஈசியூ போடுவதே முறை. உங்கள் காரின் சீரிஸுக்கு உரியதையே வாங்குங்கள். முதல் சீரிஸில் இக்னிஷன் இக்னைட்டர் (காயில்களை இயக்கும் மின்னணுப் பாகம்) தனியாக இருக்கும், இரண்டாம் சீரிஸில் காயில்களுக்குள்ளேயே இருக்கும், ஈசியூவை மாற்றிப் போட்டால் ஒத்துவராது.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டாண்டில் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, கிளட்ச் மிதித்து ஐந்து கியரும் ரிவர்ஸும் உராய்வின்றி விழுகின்றனவா என்று பாருங்கள். ஆட்டோவின் கடைசி கியர் விகிதம் 0.694, மேனுவலின் ஐந்தாவது 0.752. டிஃப் மாறாவிட்டால் ஒரே வேகத்தில் எஞ்சின் 8 சதவீதம் அதிகமாகச் சுற்றும்: முன்பு 2,500 காட்டிய இடத்தில் இப்போது 2,700. இது கோளாறு அல்ல. ஸ்பீடோமீட்டரை மட்டும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் மாற்றங்களுக்கான விஎஸ்பி 14 விதித்தொகுப்பின் எல்பி பகுதி கியர்பாக்ஸ் மாற்றத்தைப் பற்றியது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், வேலை தொடங்குமுன்பே உள்ளூர் எஞ்சினியர் ஒருவரிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வையுங்கள். பாகங்களின் ரசீதுகளையும் வேலையின் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

புதிய கிளட்சுக்கு முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டமே நல்லது. பூஸ்ட் ஏற்றி விரட்டினால் தட்டின் முகம் மெருகேறி வழுக்கும். அதன்பிறகு கியர் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றி, கிராஸ்மெம்பர், ஷாஃப்ட் ஃபிளேஞ்ச் போல்ட்களை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.