தையில் விதைத்தால் பங்குனியில் பூ: மாடியில் ஜினியா வளர்ப்பது எப்படி?

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் எந்தப் பூச்செடி தாங்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜினியாதான். மெக்சிகோ இதன் தாய்நாடு. நல்ல வெயில் இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். நீலம் தவிர அநேகமாக எல்லா நிறமும் உண்டு. வாசனை மட்டும் கிடையாது, அதை எதிர்பார்த்து நட வேண்டாம். வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சரியான நேரத்தில் கத்தரிக்கோலை எடுக்க மனசு வர வேண்டும், அவ்வளவுதான். அதை விவரமாகப் பின்னால் சொல்கிறேன்.

விதை

பாக்கெட்டில் முதலில் உயரத்தைப் பாருங்கள். ஓரடிக்குள் நிற்கும் குட்டை ரகங்கள் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கும் ஏற்றவை. 'புரோஃபியூஷன்' வரிசை இந்த வகை. இலை நோய்களையும் நன்றாகத் தாங்கும். 'பெனரிஸ் ஜெயண்ட்' போன்ற நெட்டை ரகங்கள் 3 அடிக்கு மேல் போகும், பூவும் உள்ளங்கை அளவுக்கு வரும். ஆனால் மாடிக் காற்றுக்குச் சாய்ந்துவிடும், ஆளுக்கொரு குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும். முதல் முறை என்றால் குட்டையில் தொடங்குங்கள். பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று ஆசைப்பட்டால், இதழ் அடுக்கு குறைந்த ஒற்றை ரகமாக வாங்குங்கள். பூவின் நடுவில் குட்டி குட்டி மஞ்சள் நட்சத்திரங்களாகத் தெரிபவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ, தேன் அதில்தான் இருக்கிறது. அடுக்கு ரகங்களில் இதழ்கள் அதை மூடிவிடும்.

மண்ணும் இடமும்

ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேருங்கள். ஓரடிக்கு ஓரடி குரோ பேக்கில் குட்டை ரகம் இரண்டு செடி வைக்கலாம். நெட்டை என்றால் ஒன்று போதும். நெருக்கி நட்டால் காற்று புகாது, நோய் அங்கேதான் ஆரம்பிக்கும். பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மண்ணை நிரப்புங்கள்.

விதைப்பு

தை மாதக் கடைசியில் விதைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில், பங்குனியில், முதல் பூ வந்துவிடும். ஜினியாவுக்கு வேரைத் தொந்தரவு செய்வது பிடிக்காது. அதனால் நாற்றங்காலில் போட்டு மாற்றி நடுவதைவிட, வளரப்போகும் பையிலேயே நேரடியாக விதைப்பது நல்லது. அம்பு முனை போலத் தட்டையாக இருக்கும் விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, மண்ணைத் தூவி மூடி, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு குழிக்கு இரண்டு விதை போடலாம். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். இரண்டும் முளைத்தால் தெம்பானதை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்காமல், அடியோடு நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு பையில் அடுத்த சுற்று விதையுங்கள். முதல் செடிகள் களைக்கும்போது இவை பூக்கத் தொடங்கும்.

தண்ணீர்

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் ஜினியா வளர்த்திருக்கிறார்கள். 2015 இறுதியில் அங்கே ஈரம் அதிகமாகி இலைகளில் பூஞ்சை பிடித்தது. அதற்குப் பிறகு விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, அட்டவணையை விட்டுவிட்டு, செடியைப் பார்த்துத் தேவைப்பட்டபோது மட்டும் தண்ணீர் கொடுத்தார். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. நம் மாடிக்கும் அதே வழிதான். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். இலை மேல் தெளிக்க வேண்டாம். அக்னி நட்சத்திர நாட்களில் சாயங்காலமும் பார்க்க வேண்டியிருக்கும். காய்ந்த சருகால் மூடாக்கு போட்டால் மண் அவ்வளவு சீக்கிரம் காயாது.

உரம் அளவோடு போதும். 15 நாளுக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை அடிக்கடி ஊற்றினால் செடி தழைதழையென்று இலையாக நிற்கும், பூவைக் காணோம்.

கிள்ளுவது

செடியில் நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியை வெட்ட வேண்டும். ஜினியா இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். கீழிருந்து மூன்றாவது ஜோடியைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே தண்டைக் கத்தரியுங்கள். இலைக்கும் தண்டுக்கும் நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு பச்சைக் குருத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். சில நாளில் அவை இரண்டும் கிளையாக நீளும். ஒற்றைத் தண்டாகப் போயிருக்க வேண்டிய செடி புதராகும். முதல் மொட்டு வரப்போகிற நேரத்தில் வெட்டச் சொல்கிறேனே என்று தோன்றும். பூ ஓரிரு வாரம் தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் ஒன்று பூத்திருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து பூக்கும்.

பூத்த பிறகும் இதே கதைதான். பூவைச் செடியிலேயே காய விட்டால், அது விதை கட்டும் வேலையில் இறங்கிவிடும், புது மொட்டு குறையும். வாடியதை உடனே நறுக்குங்கள், முடிந்தால் நன்றாக இருக்கும்போதே அறுத்து வீட்டுக்குள் வையுங்கள். வெறும் பூவை மட்டும் கொய்யாமல், கீழே ஒரு இலை ஜோடி வரை தண்டோடு வெட்டினால் அங்கிருந்து மறுபடி இரண்டு கிளை.

அறுக்கும் பக்குவம் தெரிய, பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். விறைப்பாக நின்றால் வெட்டலாம். தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றினால் குவளையில் ஒரு வாரம்போல நிற்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் இதற்கு ஆகாது.

நோய்

இலையில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படர்ந்தால் அது சாம்பல் நோய். பட்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி புளித்த மோர் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் வேப்ப எண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள்.

அடுத்த சுற்றுக்கு விதை

நல்ல நிறத்தில் பூத்த ஒன்றிரண்டை மட்டும் அறுக்காமல் விட்டு, தலை முழுதும் பழுப்பாகிக் காய்ந்ததும் எடுத்து உதிருங்கள். காய்ந்த இதழை உருவினால் அதன் அடியில் விதை ஒட்டிக்கொண்டு வரும். நகத்தால் அழுத்தும்போது கெட்டியாக இருப்பதை வைத்துக்கொண்டு, சப்பென்று இருப்பதை விடுங்கள். கலப்பின விதையில் வளர்ந்த செடி என்றால் அடுத்த தலைமுறை அதே நிறத்தில் வராது. இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, மேலே நிறத்தையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த தைக்கு அதுவே போதும், பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.